முப்பத்தாறு தடவை திறந்த கதவு

கதவு ரிப்பேர் செய்யும் அண்ணன் முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை. வேனை விட்டு இறங்கினார், கராஜ் கதவை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார், "எத்தனை ரிமோட்?" என்று கேட்டார்.

"ரெண்டுண்ணே."

"ரெண்டையும் கொண்டாங்க."

கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார். "வேற யாருகிட்டயாச்சும் இருக்கா?"

"இல்லண்ணே."

"பாப்போம்," என்றார்.

அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லாரிடமும் அப்படித்தான். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டேன் என்று என் கணவர் முரளி சொன்னபோதும் பாப்போம்தான். நேரே உள்ளே போய்த் தன் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஏணியில் ஏறிய பிறகு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். இடது கையில் மோதிர விரலின் நுனி அவருக்கு இல்லை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆஃப் பண்ணிட்டேன்னு ஒருத்தர் சொன்னாரு," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீடு ஜொகூரில், கெலாங் பாத்தாவில் ஒரு மூலை வீடு. முன்பு இருந்தவர் காடி நிறுத்தும் இடத்தைச் சுவர் எழுப்பி அடைத்து, மேலே ஏறி இறங்கும் மோட்டார் கதவு ஒன்றைப் போட்டிருந்தார். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் ஆட்டோகேட் இருக்க, எங்களுக்கு மட்டும் கராஜ். அதில் ஒரு காடிதான் நிற்கும், அது முரளியுடையது. அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, செகண்ட் லிங்க் பாலத்தைத் தாண்டிப் போய், இரவு ஏழு மணிக்குத் திரும்புவார். என் சின்னக் காடி வெளியே கூரைக்கடியில் நிற்கும். நான் ஆரம்பப்பள்ளி ஒன்றில் குமாஸ்தா. ஏழு மணிக்குள் போனால் மூன்றரைக்கு வீடு வந்துவிடுவேன்.

அன்றைக்குக் கதவுக்கு வந்த கோளாறு இதுதான். கீழே இறங்கும், தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது பயந்தாற்போல் மறுபடி மேலே ஏறிவிடும். "திடீர்னு இப்படி ஆயிடுச்சி, என்னன்னு தெரியல," என்றேன். முரளி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அண்ணன் மண்டிபோட்டு உட்கார்ந்தார். தரையோரம் இரு பக்கமும் இருக்கும் சென்சார் கண்களைத் துணியால் துடைத்தார். ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது. கதவின் அடித்தகடும் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலை விரலால் தடவி, நகத்தால் சுரண்டி, நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகட்டை நிமிர்த்தி, கண்ணைத் திருப்பி வைத்தார். அடியில் கிழிந்துபோயிருந்த ரப்பரை எடுத்துவிட்டு மொத்தமாய்ப் புதிது போட்டார். "மழத்தண்ணி வந்துகிட்டிருந்திருக்கும். இனி எறும்புகூட வராது," என்றார்.

போகும்போது நேரே வேனுக்குப் போகவில்லை. என் வெள்ளைக் காடியின் முன்னால் போய்க் குனிந்து பம்பரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை மழையில் அரிசி மூட்டை இறக்கக் காடியை உள்ளே விடப்போய் இடித்தது நான்தான். முரளியிடம் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு வெகுநேரம் என் முகம் சூடாகவே இருந்தது.

அவரை எனக்குச் சொல்லிவிட்டது எங்கள் பள்ளிக் கலா டீச்சர். "வேலை சுத்தம். ஆளுதான் ஒரு மாதிரி," என்று சொல்லியே நம்பரைக் கொடுத்தார். என்ன மாதிரி என்று பிறகொரு நாள் கேட்டேன்.

கலா டீச்சர் வீடு பெர்மாஸ் ஜெயாவில். அங்கே கேட் தினமும் சாயங்காலம் தானாகத் திறந்துகொண்டிருந்தது. அண்ணன் வந்து மோட்டாரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பல்லி முட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "அப்ப யாரோ அமுக்குறாங்க. பகல்ல வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டார். பகலில் இருந்தது வீட்டு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருத்திதான். அவர் கேட்டது அவ்வளவே. ஆனால் டீச்சரின் மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்ணின் பையைத் தரையில் கொட்டித் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அவள் அழுதுகொண்டே அந்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகும் கேட் திறந்தது. இரண்டாம் முறை வந்தபோது அண்ணன் தெருவிலேயே சாயங்காலம் முழுக்க நின்றார். எதிர்வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து தன் புது ரிமோட்டை அமுக்கினார். இரண்டு கேட்டும் சேர்ந்து திறந்தன. இரண்டுக்கும் ஒரே குறியீடு. மாற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்புறம் வந்து, அந்தப் பொண்ணு நம்பரு குடுங்க டீச்சர்னு கேட்டாரு," என்றார் கலா டீச்சர். "யாருகிட்டயும் இல்ல. ரெண்டு வருஷம் வீட்டுல இருந்தா, நம்பரு யாரும் வாங்கி வைக்கல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டுப் போயிட்டாரு."

இதைக் கேட்டபின் அவரை மறுபடி கூப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் நாலைந்து மாதம் கழித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இம்முறை கோளாறு வேறு. பள்ளி விட்டு வந்து, கராஜில் இருந்த சவுக்காரத்தூளை எடுக்க ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. கதவு மட்டும் அசையவில்லை. முரளியிடம் சொன்னேன். "மோட்டார் பழசு, அப்படித்தான்," என்று சொல்லி என்னவோ செய்தார், சரியாகிவிட்டது. மறுவாரமும் அதேபோல் ஆனது. இம்முறை முரளி வரும்வரை காத்திருக்காமல் அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்.

சமையலறைக் கதவு வழியாகக் கராஜுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். மோட்டார் தண்டவாளத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அதை இழுத்தால் கதவு மோட்டாரை விட்டுக் கழன்றுகொள்ளும், கையால் தூக்கலாம்.

"யாரு இழுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்லண்ணே. வீட்டுல ஆளே இல்ல. நான் இப்பதான் வந்தேன்."

"மோட்டாரு தானா கழட்டிக்காதும்மா. உள்ள நின்னு ஆள் இழுக்கணும்."

பின்வாசல், சன்னல் எல்லாவற்றையும் ஓடிப் பார்த்தேன். எல்லாம் பூட்டியபடி இருந்தன. அன்றிரவு முரளியிடம் கேட்டதற்கு, "நீதான் தூசி தட்டுறப்ப இழுத்திருப்ப," என்றார். நான் தட்டவே இல்லை.

அண்ணன் மறுநாள் சாயங்காலமே மீண்டும் வந்தார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. உள்ளே சின்ன எண்கள் உருளும். கதவு ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் ஒரு எண் கூடும் என்றார். ஏணி போட்டு, கண்ணில் படாதபடி மோட்டாருக்குப் பின்னால் மாட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ தொறப்பீங்க?"

"ரெண்டு. இவரு காலையில போறப்ப ஒண்ணு, ராத்திரி வர்றப்ப ஒண்ணு."

"பாப்போம்." இறங்கி வந்து குரலைத் தணித்தார். "சாருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பழக்கம் மாறிடும்."

நான் தலையாட்டினேன். ஒரு கதவை ரிப்பேர் செய்ய வந்தவர் என் கணவரிடம் ஒன்றை மறைக்கச் சொல்கிறார், நானும் சரி என்கிறேன். அப்போது அது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. அந்தப் பத்து நாளும் முரளியோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல வேலையிடத்துக் கதைகளைச் சொன்னார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வங்காளதேசத்துப் பையன் செய்த கூத்தைச் சொல்லிச் சிரித்தார்.

பதினோராம் நாள் அண்ணன் ஏணியில் ஏறினார். மேலிருந்தே சொன்னார். "முப்பத்தாறு."

"அப்படின்னா?"

"பத்து நாளு. நீங்க சொன்ன கணக்குக்கு இருபது வரணும். முப்பத்தாறு இருக்கு. சனி ஞாயிறு ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டுன்னு வச்சிக்குவோம். மிச்ச எட்டு நாளும் நாளுக்கு நாலு தடவ தொறந்திருக்கு."

வேலை நாட்களில் மட்டும். நான் இல்லாத நேரத்தில். எனக்கு உடனே ஒரு பெண்ணின் உருவம்தான் மனதில் வந்தது. முகம்கூட இருந்தது அதற்கு.

அவர் இறங்கிப் போய், காடியின் பின்பக்கம் படும் சுவரில் விரலைத் தேய்த்து என்னிடம் நீட்டினார். விரல் கறுப்பாக இருந்தது.

"இது பழசு இல்ல. மொத தடவ நான் வந்தப்ப இந்தச் செவுரு வெள்ளையா இருந்துச்சி. காடி உள்ள நிக்குது, கதவு மூடியிருக்கு, இன்ஜின் ஓடுது. மணிக்கணக்கா ஓடியிருக்கு. அந்தச் சூட்டுலதான் மோட்டாரு மக்கர் பண்ணுது. அதான் கயித்த இழுத்துக் கையால தொறந்துட்டுப் போறாங்க."

"யாருண்ணே?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு வேணாம். ஆனா முன்னாடி அடியில சந்து இருந்துச்சி, நான்தான் ரப்பர் போட்டு அடைச்சேன். பொகை போக வழியில்ல. பொல்லாத பொகைமா அது, வாசன தெரியறதுக்குள்ள ஆள தூங்க வச்சிடும்." அவர் இத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "சாரை இன்னிக்கு ராத்திரியே கேளுங்க. நேரா கேளுங்க. சரியா?"

"சரிண்ணே."

"கேப்பீங்களா?"

"கேக்குறேன்."

ரப்பரைப் பிய்த்து எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். எடுத்தால் முரளிக்குத் தெரிந்துவிடுமே.

அன்றிரவு நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார், மறுநாளிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். புகையைப் பற்றி அண்ணன் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் நிற்கவில்லை. மூன்று நாள் முரளியின் சட்டைகளை மோந்து பார்த்தேன். அவர் குளிக்கும்போது ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, காடியை இரண்டு தெரு தள்ளி விளையாட்டுத் திடல் ஓரமாய் நிறுத்தினேன். நடந்து வந்து பின்வாசல் வழியாக நுழைந்து, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஏழரை மணி சுமாருக்குக் கராஜ் கதவு ஏறியது. காடி உள்ளே வந்தது. கதவு இறங்கியது. இன்ஜின் நிற்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. பேச்சுக்குரல் கேட்கும், சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களாகவே சமையலறைக் கதவைத் திறந்து வரட்டும், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். என்ன கேட்பது என்று வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது அனல். காடிக்குள் முரளி மட்டும்தான் இருந்தார். சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன், எழவில்லை. கதவைத் திறந்து உலுக்கினேன். வாய் குழறி ஏதோ சொன்னார், தலை நிற்கவில்லை. இன்ஜினை நிறுத்தினேன். சுவரில் இருந்த சுவிட்சை அமுக்கினேன். கராஜ் கதவு ஒரு முழம் ஏறி நின்றுவிட்டது. சிவப்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கி இழுத்தேன். கதவு கழன்றது. குனிந்து தூக்கினேன், இவ்வளவு பெரிய கதவு காகிதம்போல் மேலே போனது. அண்ணன் ஸ்பிரிங்கை அவ்வளவு சரியாக வைத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்காரர் ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே புல்லில் போட்டோம்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு முரளி சொன்னார். கிடங்கில் ஆள் குறைத்து இரண்டரை மாதமாகிறது. தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்ப் பெட்ரோல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார். நான் போன பிறகு வருவார். காடிக்குள்ளேயே இருந்து ஃபோனில் வேலைக்கு எழுதிப் போடுவார். வெக்கை தாங்காதபோது ஏர்கானைப் போட்டுப் போட்டு அணைப்பார், அன்றைக்கு அணைக்காமலே தூங்கிவிட்டார். மூன்று மணிக்கு, நான் வருமுன் கிளம்பிவிடுவார். அந்த வங்காளதேசத்துப் பையனின் கதைகள் எல்லாம் பழைய கதைகள்.

"வீட்டுக்குள்ள வந்து இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"உள்ள வந்தா நீ காலையில ஆக்கி மூடி வச்சிட்டுப் போற சாப்பாடு இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு உக்கார முடியல," என்றார். பிறகு, "நல்லவேளை, உனக்கு அன்னைக்குக் காய்ச்சல் வந்து திரும்பி வந்த," என்றார்.

அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆமாம் என்று அவர் நெற்றியைத் தடவிவிட்டேன்.

பிறகு முரளிக்கு ஸ்கூடாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிடுகிறார். அண்ணனை நான் கூப்பிடவில்லை. அவர் இரண்டு தடவை ஃபோன் பண்ணினார், எடுக்கவில்லை. தெருவில் வேனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வருடம் இருக்கும். கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பார்சல் வாங்கப் போனேன். மூலை மேசையில் அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தப்ப வழியில்லை. கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"போன் எடுக்கவே இல்லியேம்மா நீங்க."

"வேலைண்ணே."

"சார் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. வேலை போயிருச்சின்னு மறைச்சிட்டாரு, வேற ஒண்ணுமில்ல. இப்ப வேற வேலை கெடச்சிருச்சி."

தலையாட்டினார். சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி மூன்று வருடமாகச் சிரம்பானில் மகள் வீட்டில் இருக்கிறாராம். "எனக்குத் தெரியாம யாருகிட்டயோ போன் பேசுறான்னு தோணுச்சி. கேக்கல. மறைஞ்சிருந்து பார்த்தேன், போன் பில்லப் பார்த்தேன், பக்கத்து வீட்டுல விசாரிச்சேன். கடைசியில புடிச்சிட்டேன். யாரு தெரியுமா? அவ கூடப்பொறந்த அண்ணன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்த இல்ல, அதான் மறைச்சிருக்கா. ஒண்ணுமே இல்லாததப் புடிச்சேன்மா நானு. பக்கத்து வீட்டுல விசாரிச்சதத்தான் அவளால தாங்க முடியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ராத்திரியே நேரா கேட்டீங்களா சாரை?"

கடைக்காரர் என் பார்சலைக் கட்டி நீட்டிக்கொண்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டேன்.

"கேட்டேண்ணே. அன்னைக்கே கேட்டேன்."

வாழ்நாளெல்லாம் யார் சொல்லையும் நம்பாத மனிதர், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "நல்ல காரியம் பண்ணீங்க. அதான் குடும்பம் நிக்குது," என்றார். குனிந்து வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

போன மாதம் கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. வேறு ஆளைத் தேடிப் பார்த்தேன், யாரும் சரியாக அமையவில்லை. கடைசியில் அந்தப் பழைய நம்பரையே அமுக்கினேன். ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் குழந்தைகள் சத்தம்.

"அவரு இப்ப ஜொகூர்ல இல்லம்மா. சிரம்பானுக்கே வந்துட்டாரு. வேலையெல்லாம் விட்டாச்சி. எங்கேருந்து பேசுறீங்க?"

"கெலாங் பாத்தாவுலேருந்து. கராஜ் கதவு..."

"கெலாங் பாத்தாவா?" குரல் மாறியது, நெருங்கி வந்தது. "புருஷங்கிட்ட ஒளிக்காம நேரா கேட்டுச்சே ஒரு பொண்ணு, அது நீங்கதானா? இவரு இங்க வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டப்ப உங்களப் பத்திதான் சொன்னாரு. அந்தப் பொண்ணு மாதிரி நானும் ஒன்னை நேரா கேட்டிருக்கணும்னு."

சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கூடத்தில் முரளி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா," என்றேன். "நான்தான்."